ரத்தக்கட்டியைக் கரைத்த பிறகு ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கலாம்?

கேள்வி: 62 வயதான என் தந்தை பத்து ஆண்டுகளாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தபோது, இரண்டரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். அன்று இரவு முழுவதும் பிரஷர் 170/95 என்றே இருந்தும் அதைக் குறைக்க மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இது கவனக்குறைவா? இப்போது வீட்டில் எந்த அளவில் வைத்திருக்க வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அது கவனக்குறைவு அல்ல. ஊசி போட்ட பிறகு முதல் 24 மணி நேரத்துக்கு ரத்த அழுத்தம் 180/105-ஐத் தாண்டக் கூடாது என்பதே விதி. உங்கள் தந்தையின் அளவு அந்த எல்லைக்குள்தான் இருந்திருக்கிறது.

ரத்தக்குழாய் அடைபட்டதும் மூளையின் ஒரு பகுதி உடனே அழிந்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதியோ அரைகுறை ரத்த ஓட்டத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்குள்ள நுண்குழாய்கள் தம் ஓட்டத்தைத் தாமே சரிசெய்துகொள்ளும் திறனை இழந்திருப்பதால், உடலின் ரத்த அழுத்தம் இறங்கினால் அப்பகுதிக்குப் போகும் ரத்தமும் குறையும். கரைப்பு ஊசி போடப்படாத நோயாளிகளுக்கு 220/120 வரைகூடப் பெரும்பாலும் மருந்து கொடுக்காமல் விட்டுவைப்பது இதனால்தான்.

ஊசி போட்டவருக்கு மட்டும் ஏன் கூடுதல் கண்டிப்பு? கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தான ஆல்டிபிளேஸ் சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும் என்றாலும், ரத்தம் உறையும் தன்மையில் அது உண்டாக்கிய மாற்றம் பல மணி நேரம் நீடிக்கும். அந்த நிலையில், அடைப்பு நீங்கிய குழாய் வழியாக உயர் அழுத்தத்தில் பாயும் ரத்தம் சேதமடைந்த பகுதிக்குள் கசியக்கூடும். 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இம்மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 0.6 சதவீதம் பேருக்கும் அறிகுறிகளுடன் கூடிய மூளை ரத்தக்கசிவு ஏற்பட்டது.

அப்படியானால் 140-க்குக் கீழே இறக்கிவிடலாமே என்று தோன்றும். 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று அதைச் சோதித்துப் பார்த்தது: மேல் அளவை 130 முதல் 140 வரை கொண்டுவர முயன்றவர்களிடம் ரத்தக்கசிவு குறைந்தது, ஆனால் மூன்று மாதங்களுக்குப் பின் அவர்களுடைய செயல்திறன் மற்றவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. குழாய் செலுத்திக் கட்டியை அகற்றியவர்களிடம் 120-க்குக் கீழே இறக்கிப் பார்த்த மற்றொரு ஆய்வு, அவர்களின் நிலை மோசமாவது தெரிந்ததால் 2022-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

எல்லை மீறும்போது, லேபெடலால் போன்ற மருந்தைச் சிரை (ரத்தக்குழாய்) வழியாக அளந்து செலுத்துவார்கள். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாய்வழி மாத்திரை கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து உண்டு. நாக்கின் அடியில் நிஃபெடிபின் வைக்கும் பழைய வழக்கம் அழுத்தத்தைத் தாறுமாறாகச் சரித்துவிடும் என்பதால் அதைக் கைவிட்டே ஆக வேண்டும். ஊசிக்குப் பின் ரத்த அழுத்தத்தை அளப்பது முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை என்று கணக்கிட்டால், ஒரு நாளில் ஏறத்தாழ 36 அளவீடுகள் வரும். உறவினர்களுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் தொல்லையாகத் தெரியலாம். ஆனால் அழுத்தம் திடீரென ஏறுவது, கடும் தலைவலி, வாந்தி, பேச்சோ கை கால் வலிமையோ மேலும் குறைவது ஆகியவை ரத்தக்கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால், உடனே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது வீட்டில் இலக்கு வேறு. பெரும்பாலானவர்களுக்கு 130/80-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. கழுத்து ரத்தக்குழாயில் கடும் அடைப்போ, எழுந்து நிற்கையில் தலைசுற்றலோ இருந்தால் மருத்துவர் வேறு அளவு சொல்லக்கூடும். அளவு சரியாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது சரியாக இருப்பதே மாத்திரையால்தான். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு இரண்டு முறை அளந்து குறித்துவையுங்கள். செயலிழந்த வலது கையில் தசை இறுக்கத்தால் அளவு மாறித் தெரியலாம். இடது கையிலேயே அளவிடுங்கள்.