கொலஸ்ட்ரோலும் நாடியின் உட்படலமும்: வைத்தியர் பதில்கள்

கேள்வி (வெள்ளவத்தை): டொக்டர், கொலஸ்ட்ரோல் கூடினால் இரத்தக் குழாயின் உட்புறத்தில் கொழுப்பு ஒட்டி அடைத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்குப் படிவதுபோல் அது மேலே ஒட்டுவதில்லை, சுவருக்குள்ளேயே சேர்கிறது. நாடியின் உட்புறத்தை ஒரேயொரு கல அடுக்காலான படலம் போர்த்தியிருக்கிறது. இரத்தத்தில் மிகுந்துவிட்ட எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) துணிக்கைகள் அதைக் கடந்து அடியில் சிக்கி ஒட்சியேற்றமடைய, உறுத்தலுக்குள்ளாகும் படலக் கலங்கள் தம் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களை வெளிப்படுத்துகின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் வெண்குருதிக் கலங்கள் கொழுப்பை விழுங்கி விழுங்கி வீங்குகின்றன. நுணுக்குக்காட்டியில் தெரியும் தோற்றத்தால் இவற்றுக்கு நுரைக்கலங்கள் என்று பெயர். இரத்த ஓட்டம் குழம்பும் கிளைப்பிரிவுகளிலேயே இது முதலில் நிகழ்கிறது.

கேள்வி (கொட்டாஞ்சேனை): எனக்கு 34 வயது. நெஞ்சு நோவில்லை, ஈசிஜியும் சரி. பிறகேன் கவலைப்பட வேண்டும்?

பதில்: ஓய்வில் எடுத்த ஈசிஜி சரியாக இருப்பது உட்படலம் நலமாக உள்ளதற்குச் சான்றாகாது. நாடியைத் தளர்த்தி, இரத்தத்தை உறையச் செய்யும் குருதிச் சிறுதட்டுகள் ஒட்டாமல் காக்கும் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை இப்படலமே சுரக்கிறது (இதன் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது). கொலஸ்ட்ரோல் மிகும்போது முதலில் குன்றுவது இதுதான். கையில் அழுத்தப் பட்டியை 5 நிமிடம் இறுக்கித் தளர்த்தியபின் நாடி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கானில் அளந்த ஆய்வுகளில், பரம்பரையாகக் கொலஸ்ட்ரோல் மிகுந்த சிறுவர்களிடமே அவ்விரிவு குறைந்திருந்தது. மருந்து தேவையா என்பதை உங்கள் எல்.டி.எல். அளவு, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், குடும்ப வரலாறு ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தே வைத்தியர் தீர்மானிப்பார்.

கேள்வி (தெஹிவளை): தேங்காயெண்ணெயை நிறுத்த வேண்டுமா?

பதில்: அதில் பத்தில் ஒன்பது பங்களவு ‘நிரம்பிய கொழுப்பு’ (saturated fat) எனும் வகை, அது எல்.டி.எல்.லை உயர்த்தும். நல்ல கொலஸ்ட்ரோலும் உயர்கிறதே என்று ஆறுதல் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இடியப்பத்துக்குப் பாற்சொதியே ஆகாது என்று சொல்லமாட்டேன். சொதி, சம்பல், பொரியல் மூன்றும் நாள்தோறும் ஒரே தட்டில் சேர்வதே சிக்கல்.

கேள்வி (மட்டக்குளி): கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் மருந்து குடித்தால் பழுதான படலம் சீராகுமா? அம்மாவுக்கு அறிக்கை நன்றாக வந்துவிட்டது, நிறுத்தலாமா?

பதில்: படலத்தின் செயற்பாடு சில வாரங்களிலேயே மேம்படத் தொடங்கலாம். சுவரிலுள்ள படிவு முற்றாகக் கரையாவிட்டாலும் அதன் மூடி தடித்து, வெடிக்கும் ஆபத்துக் குறைகிறது. பெரும்பாலான மாரடைப்புகள் அந்த வெடிப்பில் உறையும் இரத்தத்தாலேயே நேர்கின்றன. அறிக்கை நன்றாக வந்தது மருந்தின் பயனால்தான். தாமாக நிறுத்தினால் எல்.டி.எல். சில வாரங்களில் பழைய அளவுக்கே திரும்பிவிடும். தசை நோவு போன்ற தொந்தரவு இருந்தால் கிளினிக்கில் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.