மூன்றாவது ஸ்மார்ட் போர்டு

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் என் ஊர். இப்போது ஷார்ஜாவில் வேலை. நான் படித்த அரசுப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித்தர முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். அங்கே ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. தலைமையாசிரியரிடம் சொன்னபோது, “சந்தோஷம் தம்பி. ஆனா பக்கத்துல கடற்கரைக் குடியிருப்புப் பள்ளிக்கூடத்தையும் ஒரு தடவை பாத்துட்டு வாங்களேன்” என்றார். நண்பர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. சொந்தப் பள்ளிக்குச் செய்வது தப்பா? சமத்துவம் பேசிப் பேசியே அரசுப் பள்ளிகளில் புதுமை வராமல் செய்துவிடுகிறோமோ?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

தப்பே இல்லை. ஆனால் உங்கள் தலைமையாசிரியர் பெரிய விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்.

முன்னாள் மாணவர்களின் பணம் எந்தப் பள்ளிக்குப் போகும்? படித்து, வெளியே போய், சம்பாதித்தவர்கள் இருக்கிற பள்ளிக்கு. எட்டாம் வகுப்போடு வள்ளத்தில் ஏறியவர்கள் முன்னாள் மாணவர் சங்கம் வைப்பதில்லை. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் நல்ல திட்டம்தான். ஆனாலும் மனிதர்கள் மனிதர்கள்தானே, அவரவர் படித்த பள்ளியைத்தான் தேடுவார்கள். யாரும் தப்பு செய்யாமலேயே இருக்கிற பள்ளிக்கு மேலும் சேரும், இல்லாத பள்ளி இல்லாமலேயே இருக்கும். ராமநாதபுரம், முன்னேற விழையும் மாவட்டம், அதாவது பின்தங்கியிருப்பதால் கூடுதல் கவனம் வேண்டிய மாவட்டம் என்று 2018-இல் மத்திய அரசு பட்டியலிட்ட மாவட்டம். தமிழ்நாட்டில் அப்படி இரண்டே இரண்டு, மற்றது விருதுநகர். அந்த மாவட்டத்துக்குள்ளேயே இப்படி ஒரு மேடு பள்ளம்.

அந்தக் கடற்கரைப் பள்ளி எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், அல்லது எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவேடு) விவரம் ஏற்ற உட்கார்ந்துவிட்டால், மிச்சமிருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அங்கே ஸ்மார்ட் போர்டை மாட்டினால் அதைப் போடுவது யார்?

அப்புறம் புதுமை. சமத்துவம் புதுமைக்குத் தடை என்கிற உங்கள் சந்தேகத்தோடுதான் எனக்குச் சண்டை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்று செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் போனது. பாட அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படிப் படம், தரையில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள். மின்சாரம்கூடத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகலாம். நடுவில் பத்து நாள் வராவிட்டாலும் விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். நம் கடற்கரைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! சாயல்குடிப் பக்கம் பதநீர் இறக்கும் மாதங்களில் குடும்பமே பனந்தோப்புக்குக் குடிபோகும். பிள்ளை திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். செயல்வழிக் கற்றலை நடைமுறையில் சொதப்பிய இடங்களும் உண்டு, ஆசிரியர்கள் அலுத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் அந்த யோசனை, பின்தங்கும் பிள்ளையை முன்னால் வைத்து யோசித்ததால் வந்தது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பதும் அதே தடத்தில்தான்.

காலை உணவுத் திட்டத்தையும் நான் புதுமை என்றே சொல்வேன். பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி என்கிற கடற்பாசி எடுக்கக் காலையிலேயே கடலுக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கிற சூடான பொங்கல், எந்தத் திரையைவிடவும் முதல் பாடவேளையைக் காப்பாற்றும்.

எங்கள் பக்கம் கல்வி என்றாலே யாராவது கலாமை இழுத்துவிடுவார்கள். இழுக்கட்டும். ஆனால் அவர் ராமேஸ்வரத்தில் தொடக்கக் கல்வி முடித்து, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போய், அங்கே தங்கிப் படித்ததை மட்டும் விட்டுவிட்டு இழுக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி தூரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு முக்கியம். அவரை அனுப்பிவைக்க வீடு துணிந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று நாலு கிலோமீட்டர் போக வேண்டிய பெண் பிள்ளையை, பஸ் நேரத்துக்கு வராத ஊரில், எத்தனை வீடு துணிந்து அனுப்பும்? இலவச பஸ் பாஸ் இருக்கிறது. பஸ் வர வேண்டுமே.

அதனால் என் யோசனை இது. திரட்டிய பணத்தில் பாதியை உங்கள் பள்ளிக்கே கொடுங்கள், நண்பர்கள் மனமும் ஆறும். மீதியில், அந்தக் குடியிருப்பிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு ஷேர் ஆட்டோ அமர்த்த முடியுமா பாருங்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதித் தேறினால் நான்கு வருடம், வருடத்துக்கு 12,000 ரூபாய் வரும். அதற்கு மாலையில் பயிற்சி கொடுக்க, அந்த ஊரிலேயே படித்த ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கலாம். எதுவாக இருந்தாலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசாமல் முடிவெடுக்காதீர்கள். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். பாசிக்குப் போகிற அம்மாக்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள்.

போர்டு வாங்குவதென்றே முடிவானால், உப்புக்காற்றில் பழுதானால் யார் பொறுப்பு என்று கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.