பழைய ஆக்‌ஷன் படங்களின் சண்டைக் காட்சிகள் இன்றும் ஏன் அலுப்பதில்லை?

கையில் கிடைத்ததை ஆயுதமாக்கும் அந்தக் கற்பனைதான் காரணம் என்பேன். நாற்காலி, ஏணி, குடை, எதுவானாலும் சரி. அப்புறம், கேமரா கொஞ்சம் தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டும். அடி எங்கிருந்து வந்தது, எங்கே விழுந்தது என்று தெளிவாகத் தெரியும்.

1985இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யின் கடைசிச் சண்டை ஒரு பேரங்காடியில். விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தைப் பிடித்து ஜாக்கி சான் சறுக்கி இறங்குவார். நிஜமாகவே கை பொசுங்கியது. அதே ஆண்டு 'யெஸ், மேடம்' படத்தில் நம் ஈப்போவில் பிறந்த மிஷேல் இயோ, மாடிக் கைப்பிடியில் கால்களைக் கோர்த்துத் தலைகீழாகச் சாய்வார். கண்ணாடியை உடைத்துக்கொண்டு இரண்டு பேரைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவார். பினாங்கு வீட்டில் அண்ணனும் நானும் டேப்பைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்த இடம் அது.

அப்பாவுக்கு எம்ஜிஆர்தான். 1971இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே சிலம்பம் சுழற்றுவாரே, அந்தக் காட்சி வந்தால் அப்பா சோற்றுத் தட்டோடு எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.