சட்டமன்றத்தில் எதைத் தேடுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அங்கே தன் பகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மருத்துவக் கட்டணம், மருந்து விலை, நுகர்வோர் பாதுகாப்பு ஆகியவை குறித்து என்னென்ன மசோதாக்களைக் கொண்டுவந்தார், ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யார் ஆதரித்து வாக்களித்தார்கள் என்பதையெல்லாம் உறுப்பினரின் பெயரைத் தட்டினாலே பார்க்கலாம் என்று காட்டினான். அந்த ஆசையில் நானும் எங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு நோட்டுப் போட்டுச் சில மாதங்களாகத் தேடிவருகிறேன். அவர் பெயரில் ஒரு மசோதாவும் அகப்படவில்லை. அப்படியென்றால் மருத்துவம், நுகர்வோர் பாதுகாப்பு ஆகிய இவ்விரு துறைகளிலும் அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். சென்ற மாதம் மதுரையில் ஒரு ஸ்கேன் மையத்தில் என் மனைவிக்குப் பரிசோதனை செய்தோம். பணத்தை வாங்கிக்கொண்டவர்கள், கேட்டும் ரசீது தரவில்லை. இதற்கெல்லாம் சட்டம் கொண்டுவர வேண்டியவர் யார்?

– ஒரு வாசகர், மதுரை மாவட்டம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்திலிருந்து தொகுதியின் பெயரையும் உறுப்பினரின் பெயரையும் நீக்கிவிட்டே வெளியிட்டிருக்கிறேன். மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை நம் மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் எதன் பெயரை அங்கே எழுதினாலும், உறுப்பினர் அமைச்சராக இல்லாத வரையில், உங்கள் நோட்டின் அந்தப் பக்கம் அநேகமாகக் காலியாகவே இருந்திருக்கும். ஆகவே அதைக் கொண்டு அவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செய்தார் என்றும் சொல்ல முடியாது. வேறிடத்தில் தேட வேண்டும்.

உங்கள் மகன் காட்டிய முறை அந்த ஊருக்குப் பொருத்தமானது. நியூஜெர்சியில் ஆளுநரும் அவருடைய துறைத் தலைவர்களும் சட்டமன்றத்துக்கு வெளியே இருப்பவர்கள். ஆளுநரே விரும்பும் சட்டமானாலும், உறுப்பினர் ஒருவர் அதைத் தம் பெயரில் கொண்டுவந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு மசோதாவிலும் உறுப்பினர் பெயர் இருக்கிறது, பெயரை வைத்துக் கணக்கெடுக்கவும் முடிகிறது. நம்மிடம் அமைச்சர்களே சட்டமன்றத்தில் அமர்ந்திருக்கிறார்கள். துறை தயாரித்து, சட்டத்துறை வரைந்து, அமைச்சரவை ஒப்புக்கொண்ட சட்டமுன்வடிவை, அதாவது மசோதாவை, துறை அமைச்சர் அறிமுகம் செய்கிறார். அரசிதழின் சிறப்பு வெளியீட்டில் வரும் பிரதியின் இறுதியில், நோக்கக் காரண விளக்கவுரைக்குக் கீழே காணப்படுவதும் அமைச்சரின் பெயர்தான்.

அமைச்சரல்லாத உறுப்பினரும் தனி உறுப்பினர் என்ற முறையில் சட்டமுன்வடிவு கொடுக்கலாம். ஆனால் அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு வைக்கும் எந்தச் சட்டமுன்வடிவையும் ஆளுநரின் பரிந்துரையின்றி நிறைவேற்ற முடியாது என்று அரசமைப்பின் 207ஆவது பிரிவு சொல்கிறது. நல்வாழ்வுத் துறையில் செலவில்லாத சட்டம் எது? 1929-இல், மருத்துவரும் சென்னை மாகாணச் சட்டசபையின் நியமன உறுப்பினருமான முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த, தேவதாசி முறையைத் தளர்த்திய திருத்தம் சட்டமானது. முழுத் தடை வர 1947 ஆயிற்று. அவரைப் போன்றவர்கள் விதிவிலக்குகள். விதிவிலக்கை அளவுகோலாக வைத்து உங்கள் உறுப்பினரை அளப்பது முறையாகாது.

அவர் எப்படி வாக்களித்தார் என்று தேடுவதிலும் பயன் குறைவு. பேரவையில் ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று கேட்டுக் குரல் வாக்கெடுப்பிலேயே பெரும்பாலானவை நிறைவேறிவிடுகின்றன. யார் ‘ஆம்’ என்றார் என்பது பதிவாவதில்லை. எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு நடந்தாலும், கட்சிக் கொறடாவின் (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் ஆணையிடுபவரின்) ஆணையை மீறுபவர் பதவியையே இழக்க நேரிடும் என்பதால், அந்த வாக்கு அவருடைய கருத்தைக் காட்டாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கேள்வி நேரத்தில் அவர் கேட்ட வினாக்கள், ஒரு பிரச்சினையை அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுவர அவர் கொடுத்த கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கைகளின் மீது (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையிடம் கேட்கும் தொகையின் மீது) பேசிய பேச்சு, அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்த வெட்டுத் தீர்மானங்கள், அவற்றுக்கு அமைச்சர் அளித்த உறுதிமொழிகள் ஆகியவை அவர் பெயரோடு அவை நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை 19ஆவது மானியக் கோரிக்கை. அந்த நாளின் குறிப்பை எடுத்துவைத்துக்கொண்டு, அன்று அவையில் வைக்கப்பட்ட துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், அவர் துறையின் புள்ளிவிவரத்தை எதிர்த்துக் கேட்டாரா, அல்லது தலைவருக்கு நன்றி சொல்லி, தொகுதிக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் கேட்டு அமர்ந்துவிட்டாரா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். (தொகுதிக்குக் கேட்பது தவறில்லை. அதை மட்டுமே கேட்பவர் சட்டமன்ற உறுப்பினருக்குரிய வேலையில் பாதியை விட்டுவிடுகிறார் என்பது என் எண்ணம்.) அமைச்சர் ‘ஆவன செய்யப்படும்’ என்று சொன்னது அத்தோடு போய்விடுவதில்லை. அவற்றைத் தொடர்ந்து பார்ப்பதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது.

துறையின் பெயரை வைத்துத் தேடுகிறவர் நுகர்வோர் விஷயத்தில் பாதியைத் தவறவிடுவார். கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை என்று பெயரிலேயே இருந்தாலும், மாட்டுத்தாவணியில் மல்லிகை நிறுக்கும் தராசையும் கீழமாசி வீதி மளிகைக் கடையின் எடைக்கல்லையும் முத்திரையிட்டுச் சோதிப்பது தொழிலாளர் துறை. கலப்பட உணவைப் பிடிக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையோ நல்வாழ்வுத் துறையின் கீழ் இயங்குகிறது. சட்டத்தின் தலைப்பும் உதவாது. மருத்துவக் கழிவுகளைக் கண்ட இடத்தில் கொட்டுவோரைத் தடுப்புக் காவலில் வைக்க வழிசெய்யும் ஏற்பாடு 2025-இல் வந்தது, நாம் குண்டர் சட்டம் என்று அழைக்கும் சட்டத்தின் திருத்தமாக. நல்வாழ்வு என்ற சொல்லைக் கொண்டு தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது.

மசோதாவே இல்லாமல் வரும் கட்டுப்பாடுகளும் உண்டு. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் பஞ்சுமிட்டாய் விற்கக் கூடாது என்றார்கள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டார்கள். குட்கா தடையும் 2013 முதல் இப்படித்தான் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. இவையெல்லாம் மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆணையருக்குக் கொடுத்த அதிகாரத்தின் கீழ் பிறந்த அறிவிக்கைகள். எதுவும் பேரவையின் வாக்கெடுப்புக்கு வந்ததில்லை.

இவையெல்லாம் உறுப்பினரைத் தொடரும் வழிகள். ஆனால் உறுப்பினரை விடச் சட்டத்தைத் தொடர்வதே அதிகப் பயன் தரும் என்று நினைக்கிறேன். உங்கள் ஸ்கேன் மையத்துக்கே பொருந்தும் ஒரு சட்டத்தைச் சொல்கிறேன். தனியார் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் பரிசோதனை நிலையங்களையும் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997-இலேயே சட்டம் இயற்றிவிட்டது. அன்றைய தேதியில் நோட்டுப் போட்டிருந்தவர், ‘நிறைவேறியது’ என்று எழுதி அடிக்கோடு இட்டிருப்பார். ஆனால் பதிவுக்கு யாரிடம் விண்ணப்பிப்பது, எந்தப் படிவத்தில், எவ்வளவு கட்டணத்தில், நிலையத்தில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையெல்லாம் விதிகளில்தான் சொல்ல வேண்டும். அந்த விதிகள் வந்தது 2018-இல். இடையில் இருபத்தோர் ஆண்டுகள். அந்தக் காலத்தில் கோரிப்பாளையத்தில் பனகல் சாலையின் இருபுறமும் எத்தனை கிளினிக்குகளும் ஸ்கேன் மையங்களும் திறக்கப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த இடைவெளியில் ஆட்சிகள் மாறின, எல்லாக் கட்சியினரும் உறுப்பினர்களாக இருந்தார்கள். யாரும் புதிதாக மசோதா கொண்டுவரத் தேவையிருக்கவில்லை; ‘விதிகள் எங்கே?’ என்று ஆண்டுக்கொரு முறை ஒருவர் விடாமல் கேட்டிருந்தால் போதும். உங்கள் நோட்டில் உறுப்பினர் பெயருக்கு நேரே எழுத வேண்டியது அப்படிப்பட்ட கேள்விகளைத்தான்.

ஆகவே ஒரு சட்டமுன்வடிவு கைக்கு வந்தால், முதலில் அதன் முதல் பிரிவைப் படியுங்கள். உடனே நடைமுறைக்கு வருகிறதா, அல்லது அரசு அறிவிக்கையால் குறிக்கும் நாளில் வருமா என்பது அங்கேதான் இருக்கும். இரண்டாவது வகையென்றால், அந்த அறிவிக்கையை அரசிதழில் காணும் வரை அது ஏட்டளவில் நிற்கும் சட்டமே. பிறகு, எதையெல்லாம் விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டணமும் ஆய்வும் தரமும் விதிகளுக்குப் போயிருந்தால், சட்டத்தின் உயிர் அங்கே இருக்கிறது. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் அடுத்தடுத்து நிறைவேறும் சட்டமுன்வடிவுகளைப் பற்றிப் பத்திரிகைகள் ஒரு பத்தி எழுதும். விதிகள் வெளியாகும் நாளில் அதுவும் இருக்காது.

நிறைவேறிய பிறகு ஒப்புதல் என்ற கட்டம் இருக்கிறது. இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமுன்வடிவு 2022 அக்டோபரில் நிறைவேறி, 2023 மார்ச்சில் ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, அதே மாதம் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. நாடாளுமன்றமும் மாநிலமும் சட்டம் செய்யக்கூடிய பொதுப்பட்டியலில், நாடாளுமன்றச் சட்டம் ஏற்கெனவே இருக்கும் விஷயத்தில் அதற்கு மாறாக மாநிலம் சட்டம் செய்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். 2021 செப்டம்பரில் நிறைவேறிய நீட் விலக்குச் சட்டமுன்வடிவுக்கு அங்கே ஒப்புதல் மறுக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். ஒப்புதலுக்குக் காத்திருப்பது பேரவை கலைந்தாலும் தானாக இறப்பதில்லை. பேரவையிலேயே நிலுவையில் இருப்பதுதான் கலைப்போடு காலாவதியாகும். உங்கள் நோட்டில் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிடாதீர்கள்.

இனி ரசீது. இதற்குப் புதிய சட்டம் யாரும் கொண்டுவர வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தின் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளுக்கோ சேவைக்கோ ரசீது கொடுக்காமல் இருப்பதை அது முறையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. புதிய சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லையே என்று சிலர் வாதாடியபோதும் 2022-இல் அந்த நிலை மாறவில்லை. மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்களே மனுச் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். ரசீது இல்லாத நிலையில், பரிசோதனை அறிக்கையும் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டும், கைபேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அதன் பதிவும் சான்றாகப் பயன்படும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உறுப்பினருக்கு இதில் வேலை இல்லாமலில்லை. முதலில், மதுரை மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு அனுப்புங்கள்: மாவட்டத்தில் பதிவு பெற்றிருக்கும் தனியார் மருத்துவ நிலையங்கள் எத்தனை, விண்ணப்பித்துக் காத்திருப்பவை எத்தனை, கடந்த ஓராண்டில் எத்தனை நிலையங்களை நேரில் ஆய்வு செய்தார்கள், நீங்கள் சென்ற ஸ்கேன் மையத்தின் பதிவு எண் என்ன. முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதில் வந்ததும் அதன் நகலோடு உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய், அடுத்த கூட்டத்தொடரில் இதையே வினாவாகக் கொடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். உங்கள் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ஒப்புகையையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.