அந்த வசனம் யாருக்கு?

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சிமடத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். போன ஞாயிறு ‘உங்கள் உடல் தூய ஆவியின் கோவில்’ என்ற வசனத்தை வைத்து உடை, கைப்பேசி, பழக்கவழக்கம் பற்றிப் பேசினேன். ஒரு பெண் எழுந்து, “டீச்சர், இதை ஏன் எங்களைப் பார்த்தே சொல்றீங்க? பையன்களுக்கு உடம்பு இல்லையா?” என்றாள். பையன்கள் சிரித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. ஆளானதிலிருந்து அவளைக் கடற்கரைக்கே விடுவதில்லையாம். பெண்ணாகப் பிறந்ததே பிடிக்கவில்லை என்று அப்புறம் தனியாக வந்து அழுதாள். இன்ஸ்டாகிராம் ஒரு பக்கம், ஊர்ப்பேச்சு ஒரு பக்கம். இவர்களை எப்படி வழிநடத்துவது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அவள் கேட்டது சரியான கேள்வி. அதை முதலில் அவளிடமே சொல்லிவிடுங்கள், வகுப்பில் எல்லார் முன்னாலும்.

அந்த வசனத்தை அதற்கு முன்னால் உள்ள நாலைந்து வரிகளோடு சேர்த்து வாசியுங்கள். பைபிளில் 1 கொரிந்தியர் கடிதம், 6-ஆம் அதிகாரம். அதை எழுதிய திருத்தூதர் பவுல் அங்கே கண்டிப்பது விலைமகளிரிடம் போகும் ஆண்களை. ஆண்களுக்கு எழுதியதை எடுத்து நம் பெண்பிள்ளைகளின் துப்பட்டாவில் முடிந்துவைத்துவிட்டோம். அடுத்த வகுப்பில் அந்த வரிகளைப் பையன்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பெண்ணின் படத்தைக் கேட்பதும், வந்த படத்தை நண்பர்களுக்குத் தள்ளிவிடுவதும் அந்தக் கோவிலை இடிப்பதுதான் என்று அவர்களுக்கும் புரியட்டும்.

நான் பாம்பனில் வளர்ந்தவள். ஆளானதும் வலையைத் தாண்டாதே, வள்ளத்தைத் தொடாதே என்றார்கள். அதே கடலில்தான் என் அம்மா பாசி எடுத்தாள். விரல்களில் துணி சுற்றி, சேலைக்கு மேல் சட்டை போட்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி மூழ்கி எடுப்பாள். என் சடங்குக்குப் பந்தல் போட்டது அந்தப் பணத்தில். கடல் அவளைத் தீட்டு என்று தள்ளவில்லையே! 13 வயதில் யாராவது இதை எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால், என் உடம்பை அத்தனை வருடம் வெறுத்திருக்க மாட்டேன்.

அதனால், பெண்ணாகப் பிறந்தது பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் பதறாதீர்கள், உபதேசமும் வேண்டாம். கேட்டுக்கொண்டே இருங்கள். கடற்கரையைப் பிடுங்கிக்கொண்ட கோபமாக இருக்கலாம். யாராவது சீண்டியும் இருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள். சட்டத்தையும் இரு பாலருக்கும் சொல்லிவையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் சம்மதம் சம்மதமாகாது. காதல் என்று கூட்டிக்கொண்டு போய் வழக்கில் மாட்டிய பையன்களை நம் கரையிலேயே பார்த்திருக்கிறேன்.

மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கோடு இருந்த பெண், அன்றைய சட்டப்படி தீட்டானவள், கூட்டத்தில் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். அவர் விலகவில்லை, “மகளே” என்கிறார். அங்கிருந்து போய், இறந்துகிடந்த 12 வயதுச் சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பி, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். எனக்கு அந்தக் கடைசி வரி மிகவும் பிடிக்கும்.

இந்தப் பகுதியை அந்தப் பெண்ணையே வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவள் வீட்டுக்குப் போய், ஒரு சாயங்காலம் அவளை உங்களோடு கடற்கரைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். டீச்சர் கேட்டால் அனுப்புவார்கள்.

அன்புடன்,
அக்கா