மோனே, மிட்செல்: ஒரு கண்காட்சி, சில கேள்விகள்

பாரிஸில் உள்ள லூயி வித்தோன் அறக்கட்டளையின் கலைக்கூடத்தில், 2022 அக்டோபர் முதல் 2023 பிப்ரவரி வரை பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனேயின் கடைசிக்கால ஓவியங்களையும், அமெரிக்கப் பெண் ஓவியர் ஜோன் மிட்செலின் அரூப ஓவியங்களையும் (பொருளை அப்படியே காட்டாமல் வண்ணமும் கோடுமாக நிற்பவை) சேர்த்துக் காட்சிக்கு வைத்தார்கள். அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

இருவருக்கும் 84 வயது வித்தியாசம். எதற்காக ஜோடி சேர்த்தார்கள்?

முதல் காரணம் ஊர். சேன் நதிக்கரையில் வெத்தேய் என்ற சிற்றூரில் 1878 முதல் 1881 வரை மோனே குடியிருந்தார். அவருடைய முதல் மனைவி கமீய் இறந்ததும் அங்கேதான். சிகாகோவில் பிறந்த மிட்செல் 1967இல் அதே ஊரில், மோனே இருந்த வீட்டுக்கு மேலே மேட்டில் ஒரு வீட்டை வாங்கினார். அடுத்த ஆண்டு குடிபோனார். 1992இல் இறக்கும்வரை அதுதான் அவர் வீடு. மோனே பார்த்த அதே நதியை மேலிருந்து பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர். ஆனால் ஊர்ப் பொருத்தம் மட்டும் ஒரு கண்காட்சியைத் தாங்காது. அடுத்த பதிலில் அதற்கு வருகிறேன்.

மேடம், மோனே இம்ப்ரெஷனிஸ்ட் ஆயிற்றே, கண்ணில் பட்ட வெளிச்சத்தை வரைந்தவர். அவரை அரூபக் கணக்கில் சேர்ப்பது நியாயமா?

அரூப ஓவியர் என்று சொன்னால் தவறுதான். கடைசிவரை அவர் தன் தோட்டத்து அல்லிக்குளத்தைத்தான் வரைந்தார். ஆனால் பார்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1896இல் மாஸ்கோவில் மோனேயின் வைக்கோல் போர் ஓவியத்தின் முன் நின்ற காண்டின்ஸ்கிக்கு (பின்னாளில் அரூப ஓவியத்தின் முன்னோடியான ரஷ்யர்) அது என்னவென்றே தெரியவில்லை. கண்காட்சிப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் வைக்கோல் போர் என்று தெரிந்ததாகப் பின்னாளில் எழுதினார். பொருள் புரியும் முன்பே படம் ஆளைப் பிடித்துவிட்டது.

அப்புறம், மோனேயின் பிரம்மாண்டமான கடைசி ஓவியங்கள் அவர் இறந்தபின் பல ஆண்டுகள் சீந்துவாரின்றிக் கிடந்தன. 1955இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் பெரிய அல்லிக்குளம் ஒன்றை வாங்கிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. காரணம், அதற்குள் நியூயார்க்கில் பொல்லாக்கும் அவர் சகாக்களும் சுவர் அளவு அரூப ஓவியங்களை வரைந்து தள்ளியிருந்தார்கள். இளையவர்களிடம் பழகிய கண்தான் மூத்தவரை மீட்டது. என்னைக் கேட்டால், இந்தக் கண்காட்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. மிட்செலைப் பார்த்துவிட்டு மோனேயிடம் திரும்பினால் அல்லியும் தண்ணீரும் பின்னுக்குப் போய்விடும். தூரிகை இழுத்த வேகமும், மூலையில் வண்ணம் படாமல் விட்ட கித்தானும் முதலில் கண்ணில் படும்.

அப்படியானால் மிட்செல் மோனேயின் வாரிசு என்று சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். உயிரோடு இருந்தபோது அந்த ஒப்பீட்டை அவர் அடியோடு வெறுத்தார். தனக்குப் பிடித்த முன்னோடிகள் என்றால் வான் கோ, செசான் என்றுதான் சொல்வார். வேலை செய்யும் முறையும் எதிரெதிர். மோனே பகலில் குளக்கரையில் வெளிச்சத்தைத் துரத்தினார். மிட்செல் இரவில், மின்விளக்கின் கீழ், நினைவிலிருந்து வரைந்தார்.

‘அகபாந்தஸ்’ என்று ஒரு மூன்று பகுதி ஓவியம் வந்ததாமே?

ஆமாம். 1915இல் தொடங்கிக் கடைசிவரை மோனே விடாமல் திருத்திய படம். ஒவ்வொரு பகுதியும் 2 மீட்டர் உயரம், 4 மீட்டருக்கு மேல் அகலம். மூன்றும் இன்று கிளீவ்லாந்து, செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி என மூன்று அமெரிக்க அருங்காட்சியகங்களின் சொத்து. சேர்த்துப் பார்ப்பது அபூர்வம். அகபாந்தஸ் என்ற பூச்செடியைத் தேடாதீர்கள். முதலில் அதை வரைந்துவிட்டு மேலே வண்ணம் பூசி மறைத்துவிட்டார். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மோனேவுக்குக் கண்புரை. அதனால்தானே எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது?

நிறங்கள் சிவப்பும் பழுப்புமாக மாறியதில் கண்புரைக்குப் பங்கு உண்டு. 1912இல் கண்டுபிடித்தார்கள், 1923இல் அறுவை சிகிச்சை. ஆனால் 1909இல் காட்சிக்கு வைத்த அல்லிக்குளங்களிலேயே கரையும் வானமும் காணாமல் போய்விட்டன. அது அவர் எடுத்த முடிவு.

அக்கா, மிட்செலின் ‘பெரும் பள்ளத்தாக்கு’ வரிசையில் எனக்குப் பள்ளத்தாக்கே தெரியவில்லை. எப்படிப் பார்ப்பது?

அந்தப் பள்ளத்தாக்கை மிட்செலே பார்த்ததில்லை. இசையமைப்பாளரான அவருடைய தோழி ஜிசேல் பாரோ சிறுவயதில் விளையாடிய இடம் அது. தோழியின் உறவுக்காரப் பையன் சாகும் தறுவாயில் அங்கே ஒருமுறை போக ஆசைப்பட்டான். மிட்செலும் அப்போதுதான் தன் அக்காவைப் பறிகொடுத்திருந்தார். 1983, 84இல் 21 ஓவியங்கள் வரைந்தார். அவற்றில் 10 ஓவியங்கள் இங்கே ஒன்றாக வந்தன. மற்ற படங்களில் வெள்ளைக்கு நிறைய இடம் விடுபவர், இதில் நீலத்தையும் மஞ்சளையும் விளிம்புவரை நெருக்கியிருக்கிறார். தொடுவானம் கிடையாது, கண் இளைப்பாற ஒரு மூலை கிடையாது. ஒரு கை தூரத்தில் நின்று ஒரே ஒரு நீலக் கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது எங்கே மஞ்சளுக்குள் போகிறது, எங்கே வண்ணம் வழிந்து இறங்குகிறது என்று பின்தொடருங்கள். பிறகு பத்தடி பின்னால் வாருங்கள். பள்ளத்தாக்கைத் தேட வேண்டும் என்ற எண்ணமே வராது.

நான் சிகாகோ பக்கம் இருக்கிறேன். கண்காட்சி முடிந்துவிட்டதே, இருவரையும் எங்கே பார்க்கலாம்?

உங்கள் ஊர் கலைக்கூடமான ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டிலேயே. மோனேயின் வைக்கோல் போர்கள் அங்கே ஆறு இருக்கின்றன. மிட்செல் 1955இல் வரைந்த ‘நகர நிலக்காட்சி’யும் அங்கேதான் இருக்கிறது. இளஞ்சிவப்பும் கடுகு மஞ்சளும் நடுவில் சிக்குண்டு கிடக்க, சுற்றிலும் வெளிறிய வெள்ளை. எல்லாம் எப்போதும் காட்சியில் இருக்காது. கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் முதலில் மிட்செலிடம் போங்கள், அப்புறம் மோனே.