என்ன குழம்பு வைக்கட்டும்?

அன்புள்ள அக்கா,

கும்பகோணத்தில் இருக்கிறேன். ஒரு கடையின் கணக்கு வேலையை வீட்டிலிருந்தே செய்துகொண்டு குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். விடிகாலை நாலரைக்கு எழுந்தாலும், ஏழு மணிக்குப் பார்த்தால் நாலு பக்கம்கூடத் தாண்டியிருக்காது. எந்தப் பாடம் எடுப்பது, யூடியூபில் யாரைப் பார்ப்பது, டெலிகிராமில் வந்த பிடிஎஃப்களில் எது நல்லது என்பதிலேயே பொழுது போய்விடுகிறது. நடுவில் டிபனுக்கு என்ன, மதியம் என்ன குழம்பு? வீட்டுக்காரரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். எல்லாவற்றையும் குறைத்தால் மனம் நிற்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். புடவைகளைக்கூட ஐந்தாகக் குறைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். சரியா?

ம.

அன்புள்ள ம.,

புடவையில் கை வைக்காதீர்கள். முதலில் குழம்பைப் பார்ப்போம்.

"உன் இஷ்டம்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் என்ன காய் மிச்சம் இருக்கிறது, நேற்று என்ன வைத்தோம், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, யார் எதைத் தொடமாட்டார்கள் என்று இத்தனையும் யோசித்த பிறகுதான் அந்த இஷ்டம் வரும். சமையலைவிட இந்த யோசனைதான் ஆளைக் களைக்க வைக்கிறது. இதை ஒரு வேலையாகவே வீடுகளில் யாரும் கணக்கில் வைப்பதில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

திருவாரூர் பக்கம் எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒரு குழம்பு. திங்கள் சாம்பார், செவ்வாய் வத்தக்குழம்பு, வியாழன் மோர்க்குழம்பு, ஞாயிறு மீன். சின்ன வயதில் எனக்கு அது அலுப்பாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை அம்மா அடுப்படியில் நின்றதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நல்லெண்ணெயில் சுண்டைக்காய் வத்தல் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் கரண்டி உள்ளே போகும். புளியின் பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். என்ன வைப்பது என்ற கேள்வி முந்தின நாளே தீர்ந்திருந்ததால் கவனம் முழுக்க அந்தச் சட்டியில் இருந்தது.

அம்மாவுக்கு டைபாய்டு வந்த மாதம் அப்பா சமைத்தார். அதுவரை வெந்நீர்கூட வைத்தவரில்லை. செவ்வாய்க்கிழமை ஆனதும் வத்தல் டப்பாவைத் தானே தேடி எடுத்துக்கொண்டு வந்து, "புளி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். முடிவு அம்மாவின் தலைக்குள் மட்டும் இருந்திருந்தால், படுத்த படுக்கையிலும் அவர்தான் யோசித்திருக்க வேண்டும். அதனால் இந்த ஞாயிறு வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஏழு நாளுக்கும் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அப்புறம் ஒரு மாதத்துக்கு அதை மாற்றப் பேசக்கூடாது. இரண்டு நாள் சமையலை அவரே பார்க்கட்டும்.

இப்போது புடவை. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஜாம் ஆய்வை அந்த வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது, மேசையருகே நின்றவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம் பேர். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2010-ல் இப்படிப்பட்ட 50 சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில் சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. எப்போது நாம் திணறுகிறோம் என்பதைப் பின்னால் வந்தவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். என்ன வேண்டும் என்று நமக்கே தெளிவில்லாதபோதும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவது கடினமாக இருக்கும்போதும்தான் வகைகள் கூடக்கூடத் திணறல் அதிகம்.

பீரோவைத் திறந்தால் உங்கள் கை தானாக ஒரு புடவை மேல் போகும். அதில் ஒரு நிமிஷ சந்தோஷமும் இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? யூடியூப் ஆசிரியர் விஷயம் அப்படியில்லை. பாடமே இனிமேல்தான் தெரியப்போகிறது என்னும்போது பத்து ஆசிரியர்களில் யார் நல்லவர் என்று எதை வைத்து எடை போடுவீர்கள்? உங்கள் விடிகாலையைத் தின்பது அதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடநூல்கள், பழைய வினாத்தாள் ஒரு கட்டு, இவை போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராம் குழுக்களிலிருந்து வெளியே வாருங்கள். நாளைக்குப் படிக்க வேண்டிய பக்கத்தை இரவே திறந்து, நடுவில் பென்சிலை வைத்துவிட்டுப் படுங்கள்.

இப்படி எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டிவைத்தால் படிப்பு இயந்திரம் மாதிரி ஆகிவிடாதா என்று தோன்றலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே சுவாமிமலை? ஒருநாள் போய், வெண்கலச் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் வேலை செய்வதைப் பாருங்கள். நான் போனபோது ஒருவர் தென்னை ஓலையை மெல்லிய நாடாவாகக் கிழித்து, படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துக் குறி வைத்துக்கொண்டிருந்தார். முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எங்கே என்பதெல்லாம் அந்த மடிப்பிலேயே முடிந்துவிட்டது. அடுத்தாற்போல் மெழுகு உருவத்தின் ஒற்றைச் சுண்டுவிரலோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சூடு காட்டிய கருவியால் தொடுவார், திருப்பிப் பார்ப்பார், மறுபடி தொடுவார். ஓலையை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. பக்கத்தில் நான் நின்றதைக்கூடக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். எத்தனை பக்கம் முடித்தீர்கள் என்பதோடு, வீட்டுக்காரர் சமையலுக்கு எந்தக் கிழமைகளை எடுத்துக்கொண்டார் என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும்.

அன்புடன்,
அக்கா